லிஸ்பன் முதல் ஹெல்சின்கி வரை: தொலைவும் நேரமும்

நுழையும்முன்

"உங்கள் ஊர் எவ்வளவு தொலைவில் உள்ளது?" என்று ஒருவரைக் கேட்டால், அவர் இருவகையாக விடை கூறலாம். "இரண்டாயிரம் கிலோமீட்டர்" என்பது ஒரு விடை. "இரயிலில் ஒன்றரை நாள்" என்பது மற்றொரு விடை. விடுமுறைக்கு இரயிலில் ஊர் செல்லும் பிள்ளைகள் இரண்டாவது விடையையே நன்கு உணர்வர். சன்னலோரம் அமர்ந்து எத்தனை இரவுகளைக் கழிக்க வேண்டும் என்பதைக் கிலோமீட்டர் கணக்கு சொல்வதில்லை.

தொலைவு என்பது ஓர் எண். நேரம் என்பது மற்றோர் எண். ஒன்றிலிருந்து மற்றொன்றை எப்படி அறிவது? அவ்வாறு அறியும்போது எங்கெங்கே தவறு நேரும்? அத்தவறு எப்போது உயிருக்கே இடர் ஆகும்? ஐரோப்பாவின் இரு விமான நிலையங்களை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

1. இரு முனைகள்

ஐரோப்பாவின் தென்மேற்கு முனையில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி அமைந்துள்ள நாடு போர்ச்சுகல். அதன் தலைநகர் லிஸ்பன். அந்நகரின் விமான நிலையம் 1942-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அன்று நகரின் ஓரத்தில் இருந்த அந்நிலையத்தைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டது. இன்று வீடுகளின் கூரைகளுக்கு மேலே தாழ்வாகப் பறந்தே விமானங்கள் அங்கே இறங்குகின்றன.

ஐரோப்பாவின் வடகிழக்கில், பின்லாந்து வளைகுடாவின் கரையில் அமைந்துள்ள நகரம் ஹெல்சின்கி. அது பின்லாந்து நாட்டின் தலைநகர். அதன் விமான நிலையம் 1952-ஆம் ஆண்டில், அந்நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றபோது திறக்கப்பட்டது. எனினும் அந்நிலையம் ஹெல்சின்கி நகருக்குள் இல்லை. அதற்கு வடக்கே வன்டா என்னும் அண்டை நகரில் உள்ளது.

இவ்விரு நிலையங்களின் இருப்பிடத்தைப் புவியியலார் இவ்வாறு குறிப்பர்:

லிஸ்பன்: வட அட்சம் 38.8 பாகை, மேற்குத் தீர்க்கம் 9.1 பாகை.
ஹெல்சின்கி: வட அட்சம் 60.3 பாகை, கிழக்குத் தீர்க்கம் 25.0 பாகை.

இந்நான்கு எண்களே நமது கணக்கின் அடிப்படை. நகரின் பெயரை மட்டும் கூறினால் நகரத்தின் எந்த இடம் என்ற ஐயம் எழும். நகரின் நடுப்பகுதியா, இரயில் நிலையமா, விமான நிலையமா என்று கேட்க நேரும். ஆகவே, இரு இடங்களுக்கு இடையே உள்ள தொலைவைக் கூறும்போது, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்று முதலில் வரையறுத்தல் வேண்டும்.

2. எந்தத் தொலைவு?

லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கிக்குத் தரைவழியாகவும் செல்லலாம். ஸ்பெயின், பிரான்ஸ், ஜெர்மனி முதலிய நாடுகளைச் சாலை வழியே கடந்து, இடையில் கப்பல் ஏறிக் கடலையும் கடக்க வேண்டும். அவ்வழி 4,000 கிலோமீட்டருக்கும் மிகுதியாகும். மலைகளையும் ஆறுகளையும் நகரங்களையும் பார்த்து, அவற்றிற்கு ஏற்ப வளைந்து செல்வது சாலையின் இயல்பு.

வானில் மலைக்கு வளையவேண்டிய தேவை இல்லை. எனவே விமானத் தொலைவைக் கணக்கிடும்போது, புவியின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியை எடுத்துக்கொள்கின்றனர். அவ்வழி பெருவட்டத்தின் ஒரு பகுதி ஆகும்.

பெருவட்டம் என்பது யாது? ஓர் ஆரஞ்சுப் பழத்தை அதன் நடுப்புள்ளி வழியாகச் செல்லுமாறு இரண்டாக வெட்டினால், வெட்டிய விளிம்பு ஒரு வட்டமாகத் தோன்றும். அப்பழத்தின் மீது வரையக்கூடிய வட்டங்களுள் அதுவே பெரியது. நடுப்புள்ளியை விட்டு விலகி வெட்டினால் கிடைக்கும் வட்டம் சிறியதாக இருக்கும். புவியின் நடுவைத் தன் நடுவாகக் கொண்ட வட்டமே பெருவட்டம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். லிஸ்பனையும் ஹெல்சின்கியையும் இணைத்தும் ஒரு பெருவட்டம் வரையலாம்.

புவியின் நடுவிலிருந்து லிஸ்பனுக்கு ஒரு கோடும் ஹெல்சின்கிக்கு ஒரு கோடும் வரைந்தால், அவ்விரு கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 30¼ பாகை கோணம் அமையும். புவியின் மேற்பரப்பில் பெருவட்டத்தின் ஒரு பாகை ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். எனவே,

30¼ × 111.2 = ஏறத்தாழ 3,360 கிலோமீட்டர்.

இதுவே இரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு. இதனை மைலில் கூறினால் ஏறத்தாழ 2,090 ஆகும். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைல் என்னும் அளவையைப் பயன்படுத்துகின்றனர். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அவ்வளவில் இத்தொலைவு ஏறத்தாழ 1,815 ஆகும்.

கடல் மைலுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஒரு பாகையை அறுபது கூறுகளாகப் பகுத்தால், ஒவ்வொரு கூறும் புவியின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஒரு கடல் மைல் நீளம் உடையது. அதனால் 30¼ பாகையை 60 ஆல் பெருக்கிய உடனே 1,815 என்னும் விடை கிடைத்துவிடுகின்றது. கடலிலும் வானிலும் வழி காண்போர் இவ்வளவையைக் கைவிடாமைக்குக் காரணம் இதுவே.

3. நூலும் வரைபடமும்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் லிஸ்பனையும் ஹெல்சின்கியையும் ஓர் அளவுகோலால் இணைத்தால் நேர்கோடு கிடைக்கும். உலக உருண்டையின் மீது அதே இரு நகரங்களையும் ஒரு நூலால் இறுக்கிப் பிடித்தால் மற்றொரு வழி கிடைக்கும். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

பல வரைபடங்கள், 1569-ஆம் ஆண்டில் மெர்கேட்டர் என்பவர் வகுத்த முறையில் வரையப்பட்டவை. அம்முறையில் வரைந்த படத்தில் நமது நேர்கோட்டின் நடுப்பகுதி லக்சம்பர்க் நாட்டின் அருகே செல்கின்றது. உருண்டையின் மேல் இறுக்கிப் பிடித்த நூலின் நடுப்புள்ளியோ பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்சுக்கு அருகே அமைகின்றது. இவ்விரு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் இடைவெளி உண்டு.

உருண்டையான ஒன்றைச் சுருக்கமோ கிழிசலோ இன்றித் தட்டையாக விரிக்க இயலாது. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசைமேல் விரித்துப் பார்த்தால் இது விளங்கும். வரைபடம் வரைவோர் எதையேனும் ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை விட்டுக்கொடுக்கின்றனர். மெர்கேட்டர் திசையைக் காப்பாற்றினார். பரப்பளவையும் தொலைவையும் விட்டுக்கொடுத்தார். அதனால் அவருடைய படத்தில் பின்லாந்து உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றுகின்றது.

நூலின் வழியே சென்றால் எவ்வளவு தொலைவு குறைகின்றது? இந்தப் பயணத்தில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மட்டுமே. இது பெரிய ஆதாயம் அன்று. ஆயினும் கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் நெடும்பயணங்களில் இவ்வேறுபாடு பல நூறு கிலோமீட்டர்களாக வளரும்.

நூலின் வழியைப் பின்தொடர்ந்து கற்பனையில் பறந்து பார்ப்போம். லிஸ்பனிலிருந்து வடகிழக்காகச் சென்று, ஸ்பெயினின் வடமேற்குப் பகுதியைக் கடந்தால், பிஸ்கே விரிகுடாவின் நீலப்பரப்பு விரிகின்றது. பிறகு பிரான்சின் மேற்குக் கரையை அடைந்து, பாரிசுக்குச் சற்று மேற்கே சென்று, பெல்ஜியத்தின் மேல் பாதி வழியை முடிக்கின்றோம். அடுத்து நெதர்லாந்து, ஜெர்மனியின் வடபகுதி, டென்மார்க், ஸ்வீடனின் தென்பகுதி ஆகியவற்றைத் தாண்டிப் பால்டிக் கடலைக் கடந்தால் ஹெல்சின்கி வந்துவிடும்.

உண்மையான விமானம் இந்நூலின் மேலேயே செல்வதில்லை. ஐரோப்பிய வானம் மிகுந்த நெரிசல் உடையது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் காட்டும் வழியில் விமானம் செல்ல வேண்டும். இராணுவப் பயிற்சிக்கென ஒதுக்கிய பகுதிகளையும் இடிமேகங்களையும் சுற்றிச் செல்ல வேண்டும். ஓடுதளம் எத்திசையில் அமைந்துள்ளதோ அத்திசைக்குத் திரும்பியே இறங்க வேண்டும். ஆகையால் பறந்த தொலைவு, கணக்கில் கண்ட தொலைவைவிட எப்போதும் சற்று மிகுதியாகவே இருக்கும்.

4. வகுத்தால் போதுமா?

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது கணக்குப் பாடம். இத்தகைய வழித்தடங்களில் செல்லும் ஜெட் விமானங்கள், உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. எனவே,

3,360 ÷ 830 = ஏறத்தாழ 4 மணி 3 நிமிடம்.

ஆனால் பயண அட்டவணையில் காணும் நேரம் இதனினும் மிகுதி. லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கிக்கு ஏறத்தாழ நான்கே முக்கால் மணியும், ஹெல்சின்கியிலிருந்து லிஸ்பனுக்கு ஏறத்தாழ ஐந்து மணியும் ஆகின்றன. எஞ்சிய நேரம் எங்கே போயிற்று?

முதற்காரணம், விமானம் எழும்பிய உடனே 830 கிலோமீட்டர் வேகத்தை அடைவதில்லை. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தை எட்டுவதற்கு அரைமணி அளவிற்கு ஆகும். அதுவரை வேகம் படிப்படியாகவே கூடும். இறங்கும்போதும் அவ்வாறே வேகத்தைச் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், அட்டவணை நேரம் என்பது வானில் இருக்கும் நேரம் மட்டும் அன்று. நிற்கும் விமானத்தின் சக்கரங்கள் உருளாதிருக்க, அவற்றின் முன்னும் பின்னும் தடைக்கட்டைகளை வைப்பர். புறப்படும் நிலையத்தில் அக்கட்டையை எடுத்துவிட்டு விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, சேரும் நிலையத்தில் அது மீண்டும் நிற்கும் நொடி வரையிலான நேரமே அட்டவணை நேரம். ஓடுதளத்தை நோக்கி ஊர்ந்து செல்லுதல், தனக்கு முன்னுள்ள விமானங்கள் எழும்பும்வரை காத்திருத்தல், இறங்கிய பின் நிறுத்துமிடம் சேர்தல் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். குளிர்காலத்தில் ஹெல்சின்கியில் மற்றொரு வேலையும் உண்டு. இறக்கைகளின்மேல் படிந்த பனியை, அதனைக் கரைக்கும் நீர்மத்தைத் தெளித்து அகற்றிய பின்னரே விமானம் புறப்படும். பனி படிந்த இறக்கையால் விமானத்தைச் சரிவரத் தாங்க இயலாது.

மூன்றாவது காரணம் காற்று. போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதற்கு முதன்மையான விளக்கம் அதுவே.

5. காற்றின் கொடுக்கல் வாங்கல்

ஐரோப்பாவின் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் காற்று வீசுகின்றது. அதில் விரைந்து ஓடும் குறுகிய பகுதிக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். துருவக் குளிர்க்காற்றும் தெற்கின் வெம்மையான காற்றும் சந்திக்கும் எல்லையில் அது தோன்றுகின்றது. புவியின் சுழற்சியால் கிழக்கு நோக்கித் திரும்புகின்றது. குளிர்காலத்தில் வெப்பநிலை வேறுபாடு மிகுவதால் அதன் வலிமையும் மிகும்.

ஓடும் ஆற்றில் படகு செலுத்துவதை எண்ணிப் பார்க்கலாம். நீரோட்டத்தோடு செல்லும் படகு விரைந்து செல்லும். எதிர்த்துச் செல்லும் படகு தளரும். கிழக்கு நோக்கிச் செல்லும் விமானத்திற்குக் காற்று பின்னிருந்து தள்ளும். மேற்கு நோக்கித் திரும்பும் விமானத்தை அதே காற்று எதிர்த்து நிற்கும்.

ஒரு நாள் காற்றின் உதவி மணிக்கு 100 கிலோமீட்டர் என்று கொள்வோம். போகும்போது தரையை நோக்க விமானத்தின் வேகம் 830 + 100 = 930. வரும்போது 830 − 100 = 730.

போகும்போது: 3,360 ÷ 930 = ஏறத்தாழ 3 மணி 37 நிமிடம்.
வரும்போது: 3,360 ÷ 730 = ஏறத்தாழ 4 மணி 36 நிமிடம்.

காற்றே இல்லாவிட்டால் ஒவ்வொரு வழிக்கும் 4 மணி 3 நிமிடம் ஆகும் என்று முன்னர்க் கண்டோம். போகும்போது மிச்சமான நேரம் 26 நிமிடம். வரும்போது இழந்த நேரம் 33 நிமிடம். காற்று ஒரு கையால் கொடுத்ததைவிட மறு கையால் எடுத்தது 7 நிமிடம் மிகுதி. ஏன் இவ்வாறு? எதிர்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால், அக்காற்றின் பிடியில் நெடுநேரம் இருக்க நேர்கின்றது. எனவே, "போகும்போது கிடைத்ததும் வரும்போது இழந்ததும் சரியாகிவிடும்" என்று எண்ணுவது பிழையாகும்.

6. இரு நகரங்களின் கடிகாரங்கள்

லிஸ்பனில் காலை 10 மணி எனில், ஹெல்சின்கியில் நண்பகல் 12 மணி. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகின்றது. இரு நகரங்களுக்கும் இடையே தீர்க்க வேறுபாடு ஏறத்தாழ 34 பாகை. 34 × 4 = 136 நிமிடம். அதாவது, ஹெல்சின்கியில் கதிரவன் உச்சியைக் கடந்து இரண்டேகால் மணி நேரம் கழித்தே லிஸ்பனில் உச்சியை அடையும். கடிகாரங்களோ முழு மணிக் கணக்கில் இரண்டு மணி நேர வேறுபாட்டைக் கொண்டுள்ளன. மார்ச்சின் கடைசி ஞாயிறன்றும் அக்டோபரின் கடைசி ஞாயிறன்றும் இரு நாடுகளும் ஒருசேரக் கடிகாரத்தை மாற்றுவதால், இவ்வேறுபாடு ஆண்டு முழுவதும் மாறுவதில்லை.

இந்தியாவும் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 29 பாகை அகன்ற நாடே. எனினும் குஜராத்திலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் கடிகாரம் ஒரே நேரத்தையே காட்டுகின்றது. அதனால் அருணாச்சலத்தில் கதிரவன் மிக முன்னதாகவே உதிக்கின்றான். கடிகார நேரம் என்பது இயற்கை மட்டும் தருவது அன்று. மக்கள் கூடி முடிவு செய்வதும் ஆகும் என்பதை இதனால் அறியலாம்.

போர்ச்சுகல் மக்கள் இதனைப் பட்டறிந்தனர். 1992 முதல் 1996 வரை அந்நாடு, தனக்குக் கிழக்கே உள்ள நாடுகளின் நேரத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் குளிர்காலத்தில் பொழுது புலர்வதற்கு முன்னரே பிள்ளைகள் இருளில் பள்ளிக்குச் செல்ல நேர்ந்தது. பின்னர் அந்நாடு தன் பழைய நேரத்திற்கே திரும்பியது.

இனி ஒரு கணக்கு. லிஸ்பனில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் 4 மணி 45 நிமிடத்தில் ஹெல்சின்கியை அடைகின்றது எனக் கொள்வோம். அப்போது லிஸ்பன் கடிகாரத்தில் மாலை 2.45, ஹெல்சின்கி கடிகாரத்தில் மாலை 4.45. பயணச்சீட்டைப் பார்ப்பவருக்குப் பயணம் 6 மணி 45 நிமிடம் போலத் தோன்றும். திரும்பும் விமானம் ஹெல்சின்கியில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு 5 மணி நேரம் செல்கின்றது. அது லிஸ்பனை அடையும்போது அங்கே மணி பிற்பகல் 1 தான். சீட்டைப் பார்த்தால் 3 மணி நேரப் பயணம் போலத் தோன்றும்.

பயணச்சீட்டில் அச்சிட்ட நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். அவற்றைக் கழிக்கும் முன் ஒரே ஊரின் நேரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். இதனை மறந்தவர் அடுத்த விமானத்தைத் தவறவிடுவார். வரவேற்க வந்தவரை நெடுநேரம் காக்க வைப்பார்.

7. தொலைவு மட்டும் போதாது

இதுவரை கண்ட பிழைகளால் நேர்வது காலத்தாழ்வு மட்டுமே. எரிபொருள் கணக்கில் நேரும் பிழை அத்தகையது அன்று. சாலையில் எரிபொருள் தீர்ந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தலாம். வானில் ஓரம் என்று ஒன்று இல்லை.

ஆகவே, புறப்படும் முன் எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதைப் பல பகுதிகளாகக் கணக்கிடுகின்றனர்.

முதலாவது, தரையில் ஊர்ந்து செல்வதற்கு.
இரண்டாவது, அன்றைய காற்றையும் வழியையும் எடையையும் கருதி, சேருமிடம் வரை பறப்பதற்கு.
மூன்றாவது, எதிர்பாராத மாற்றங்களுக்கு; பொதுவாக இரண்டாவது அளவில் 5 விழுக்காடு.
நான்காவது, சேருமிடத்தில் இறங்க இயலாவிடில் மாற்று நிலையம் ஒன்றிற்குச் செல்வதற்கு. ஹெல்சின்கியில் மூடுபனி சூழ்ந்தால் டாம்பெரே நகருக்கோ, கடலுக்கு அப்பாலுள்ள டாலின் நகருக்கோ செல்லலாம்.
ஐந்தாவது, இறுதி இருப்பு. ஜெட் விமானம் மேலும் 30 நிமிடம் பறப்பதற்கான எரிபொருள் இது. திட்டமிடும்போது இதனைத் தொடாமலே தரையிறங்குமாறு கணக்கிட வேண்டும்.

"மிகுதியாகவே நிரப்பிக்கொண்டால் என்ன?" என்று கேட்கலாம். எரிபொருளும் எடை உடையது. எரிபொருளைச் சுமந்து செல்லவும் எரிபொருள் செலவாகும். எனவே குறையாமலும் அளவு கடந்து மிகாமலும் கணக்கிட வேண்டியுள்ளது.

இக்கணக்கு எத்துணை முதன்மையானது என்பதை 2000-ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலுள்ள கானியா நகரிலிருந்து, ஜெர்மனியின் ஹனோவர் நகருக்கு ஒரு விமானம் புறப்பட்டது. அதில் ஏறத்தாழ 150 பேர் இருந்தனர். எழும்பிய பின் அதன் சக்கரங்கள் உள்ளே முழுமையாக மடங்கவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரங்கள் காற்றைத் தடுக்கும். காற்றின் தடை மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும்.

சேருமிடத்தின் தொலைவு மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் எரிபொருள் மாறிவிட்டது. விமானத்தில் இருந்த கணினி, வெளியே நீட்டிய சக்கரங்களின் தடையைக் கணக்கில் சேர்க்காமல், எரிபொருள் இருப்பை மதிப்பிட்டுக் காட்டியது. விமானிகள் பயணத்தைத் தொடர்ந்தனர். ஹனோவர் வரை செல்ல இயலாது என்று உணர்ந்து, இடையிலுள்ள நகரங்களை நாடினர். முடிவில் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவை நோக்கித் திரும்பினர். வியன்னாவை நெருங்குகையில் எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றன. விமானம் ஓடுதளத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாகவே புல்வெளியில் மோதி இறங்கியது. சிலர் காயமுற்றனர். உயிரிழப்பு ஏதும் நேரவில்லை.

வழியில் இறங்கத்தக்க வேறு நிலையங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் இறங்கியிருந்தால் பயணம் தடைப்பட்டிருக்கும், பயணிகள் சலிப்புற்றிருப்பர், ஆயினும் 150 உயிர்கள் இடருக்கு உள்ளாகியிரா. கணினி காட்டிய எண் தவறான வேளையில், எரிபொருள்மானி காட்டிய அளவோ உண்மையாகவே குறைந்துகொண்டிருந்தது. ஓர் எண் எதனைக் கணக்கில் கொண்டது, எதனை விட்டுவிட்டது என்று வினவுவதே அறிவுடைமை. அவ்வினாவை உரிய நேரத்தில் எழுப்புவது உயிர்காக்கும் செயலும் ஆகும்.

8. தொகுத்துக் காண்போம்

லிஸ்பனுக்கும் ஹெல்சின்கிக்கும் இடையே உள்ள தொலைவு 3,360 கிலோமீட்டர். இந்த எண் நேற்றும் இன்றும் ஒன்றே. பறக்கும் நேரமோ நாள்தோறும் மாறுகின்றது. காற்று, வழி, பனி, நெரிசல் என்பவை அதனை மாற்றுகின்றன. கடிகாரம் காட்டும் நேரத்தை மனிதர் செய்த ஏற்பாடும் மாற்றுகின்றது. தொலைவு புவியைச் சார்ந்தது. நேரம் பயணத்தைச் சார்ந்தது.

ஆகவே, "எவ்வளவு தொலைவு?" என்று யாரேனும் கேட்டால், விடை கூறும் முன் நாமும் சில வினாக்களை எழுப்பலாம். எந்தப் புள்ளியிலிருந்து? எந்த வழியாக? எந்த ஊரின் கடிகாரப்படி? அன்று காற்று எப்படி? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்தவரே தொலைவை முழுமையாக அறிந்தவர் ஆவார்.

அருஞ்சொற்பொருள்

அட்சம் – நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கு அல்லது தெற்காக உள்ள கோண அளவு
தீர்க்கம் – கிரீன்விச்சிலிருந்து கிழக்கு அல்லது மேற்காக உள்ள கோண அளவு
பாகை – கோணத்தின் அலகு. வட்டத்தின் 360-இல் ஒரு பங்கு
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
நீர்மம் – நீர் போன்று ஓடும் பொருள்
பட்டறிதல் – நேரில் உற்று அறிதல்
இடர் – துன்பம், ஆபத்து

இலக்கணக் குறிப்பு

எரிபொருள், ஓடுதளம் – வினைத்தொகைகள். (எரிந்த பொருள், எரிகின்ற பொருள், எரியும் பொருள் என முக்காலத்திற்கும் பொருந்தும்.)
பறக்கும் நேரம், நிற்கும் விமானம் – பெயரெச்சத் தொடர்கள்.
பெருவட்டம் = பெருமை + வட்டம் – பண்புத்தொகை.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பெருவட்டம் என்பது யாது?
2. அட்டவணை நேரம் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகின்றது?
3. 1992-க்குப் பின் போர்ச்சுகல் பிள்ளைகளுக்கு நேர்ந்த இடர்ப்பாடு என்ன?
4. விமானத்தில் அளவு கடந்து எரிபொருள் நிரப்பாமைக்குக் காரணம் என்ன?

ஆ. கணக்கிட்டு எழுதுக.
1. ஏதென்ஸ் கடிகாரம் லண்டன் கடிகாரத்தைவிட 2 மணி முந்தியது. லண்டனில் காலை 9 மணிக்குப் புறப்பட்ட விமானம் 3 மணி 40 நிமிடத்தில் ஏதென்சை அடைந்தால், அப்போது ஏதென்சில் மணி என்ன?
2. லிஸ்பன் – ஹெல்சின்கி வழியில் காற்றின் உதவி மணிக்கு 50 கிலோமீட்டர் எனில், போகவும் வரவும் ஆகும் நேரங்களைத் தனித்தனியே காண்க.

இ. விரிவாக விடை எழுதுக.
1. "தொலைவு புவியைச் சார்ந்தது; நேரம் பயணத்தைச் சார்ந்தது." இக்கூற்றைப் பாடச் செய்திகளைக் கொண்டு விளக்குக.
2. கானியாவிலிருந்து புறப்பட்ட விமானத்தின் விமானி நீங்களாக இருந்தால் என்ன முடிவு எடுத்திருப்பீர்கள்? காரணங்களுடன் எழுதுக.

ஈ. செயல்பாடு
உலக உருண்டை ஒன்றை எடுத்து, நீங்கள் வாழும் ஊரையும் உங்கள் பெற்றோரின் ஊரையும் நூலால் இணைத்து நீளத்தை அளந்து, தொலைவைக் கணக்கிடுக. அதே வழிக்கான இரயில் தொலைவைக் கால அட்டவணையில் கண்டு இரண்டையும் ஒப்பிடுக. வேறுபாட்டிற்கான காரணங்களை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் தமிழில் கலந்துரையாடி, ஐந்து தொடர்களில் எழுதி வருக.